பைப் போட மறுத்த சைலன்சர் கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மெர்பேங்கிலிருந்து ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், டயர் கடைக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு எக்ஸாஸ்ட் கடை இருக்கிறது. கடையின் பெயரையும் தன் பெயரையும் போட வேண்டாம் என்று கடைக்காரரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. "இப்பவே வேலை கைமீறித்தான் இருக்கு டீச்சர்" என்றார். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. டர்பனில் கார் வைத்திருக்கிற நம் ஆட்கள், முக்கியமாகத் தெற்குப் பக்கம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு ஒரு முடிவு எடுத்தால் நல்லது.

விஷயம் இதுதான். எங்களுடையது பத்து வருடப் பழைய பெட்ரோல் கார். மூன்று மாதமாக எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மேட்டில் ஏறும்போது இழுக்காது, அடியிலிருந்து கலகலவென்று ஒரு சத்தம், சில நாள் அழுகிய முட்டை நாற்றம். நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள் என்பதால் அந்த நாற்றத்துக்குப் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று உடனே தெரிந்தது, காரில் எங்கே கோளாறு என்றுதான் தெரியவில்லை. முதலில் போன இடம் வேறு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (எஞ்சின் புகையின் நச்சு வாயுக்களைப் பிளாட்டினம் போன்ற உலோகங்களால் சுத்தமாக்கும் பாகம்) போய்விட்டது, அறுத்து எடுத்துவிட்டு அங்கே வெறும் பைப் போட்டுவிடலாம், 900 ராண்ட்தான் ஆகும், பழையதை நாங்களே 2,000 ராண்டுக்கு எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்குக் கையில் காசுதான் மிச்சம் என்றார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்கள். மாசக் கடைசி. என் வீட்டுக்காரருக்குச் சரியென்றே பட்டது.

எனக்குப் படவில்லை. என் மகளுக்கு ஆஸ்துமா, பள்ளிப் பையில் இன்ஹேலர் இல்லாமல் அவள் வெளியே போவதில்லை. இங்கே எங்கள் தெருவில் மட்டும் அப்படி எத்தனை பிள்ளைகள்! எண்ணெய் ஆலை, காகித ஆலை, ரசாயனக் கிடங்கு, லாரி நெரிசல் எல்லாவற்றுக்கும் நடுவில் வீடு கட்டிக் குடியமர்த்தப்பட்ட ஜனங்கள் நாங்கள். தெற்கு டர்பன் மக்கள் நல்ல காற்றுக்காகப் பல பத்தாண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் நானே என் காரிலிருந்து வடிகட்டாத புகையை விடுவதா? அதுவும் உலகத்துப் பிளாட்டினத்தில் பெரும்பகுதியை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கிற நாட்டில் இருந்துகொண்டு?

சரி, கடைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்லித்தான் போனேன். கடைக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நான்காம் தலைமுறை. தமிழ் காதில் விழுந்தால் புரிகிறது, பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம். "வாங்க", "உக்காருங்க", "போதும்" என்று பாட்டி வாயிலிருந்து வந்த சொற்கள் மட்டும் பளிச்சென்று வருகின்றன. நான் அண்ணா என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்தது.

முதல் வேலையாக அவர் வண்டியைத் தூக்கவில்லை. ஸ்கேனரைச் செருகிவிட்டு என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். பி0420 என்ற பிழைக் குறியீடு வந்தது. கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலான இடங்களில் இந்தக் குறியீட்டைப் பார்த்ததும் பில் போட ஆரம்பித்துவிடுவார்கள். இவர் திரையில் இரண்டு கோடுகளை ஓடவிட்டுக் காட்டினார். கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அது எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் மாறி மாறி மிகுவதைக் காட்டுகிறது. பின்னால் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். என் காரில் இரண்டும் சேர்ந்து துள்ளின. "உள்ளே ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற ஆள் செத்துப்போச்சு, அதான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஆளின் பெயர் சீரியம். அவர் பள்ளியில் அதைப் படித்ததில்லை, முப்பது வருட வேலையில் கண்டுகொண்டிருக்கிறார்.

அப்புறம் ஏன் செத்தது என்று தேடினார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் பழுது. பொறி சரியாக விழாததால் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. காயிலை மாற்றாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் சில மாதத்தில் போய்விடும் என்றார். பைப் போடச் சொன்ன இடத்தில் இதைப் பார்க்கவே இல்லை, பைப் போட்டிருந்தால் காயில் பழுதோடு பெட்ரோலைக் குடித்துக்கொண்டு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய கன்வர்ட்டரை அறுத்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் முகமூடி போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று கொடுத்து, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அறுத்தார். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், சதுர அங்குலத்துக்கு நானூறு துளை. ஒரு பக்கம் அழகாக இருந்தது, இன்னொரு பக்கம் உருகி வழிந்து கட்டியாகியிருந்தது, நடுவில் உடைந்த துண்டுகள். கலகல சத்தம் அதுதான். ஒன்றைச் சொல்ல வேண்டும், உருகியது விலையுயர்ந்த உலோகம் அல்ல. அந்தப் பீங்கான் கார்டியரைட், சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பல்லேடியம் 1,555 வரை தாங்கும், பிளாட்டினம் 1,768, ரோடியம் 1,964. ஆனால் உருகாவிட்டாலும் அந்த உலோகங்கள் கெட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தூவி வைத்திருப்பது சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருண்டைகளாகிவிடும். எடை அதேதான், மேற்பரப்பு போய்விடும். மேற்பரப்பு போனால் வேலை போச்சு. பீங்கானின் மேல் பூசியிருக்கும் அலுமினாவின் ஒரு கிராமில் நூறு சதுர மீட்டருக்கு மேல் பரப்பு இருக்கும், ஒரு சின்ன வீட்டின் தரையளவு. அப்படிப் பல கிராம் அலுமினாவின் மேல் எல்லாம் சேர்த்துச் சில கிராம் உலோகம் தூவியிருக்கிறது, அவ்வளவுதான் மொத்தச் சரக்கும்.

இங்கே கொஞ்சம் வேதியியல் பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரிந்தால்தான் 900 ராண்ட் பைப் எதை எடுத்துவிடுகிறது என்று புரியும்.

பல்லேடியம், ரோடியம், பிளாட்டினம் மூன்றும் இடைநிலை உலோகங்கள். இவற்றின் டி ஆர்பிட்டால் எலக்ட்ரான்கள் பக்கத்தில் வரும் மூலக்கூறோடு கொடுக்கல் வாங்கல் செய்யத் தயாராக இருப்பவை. கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டும்போது அது கொஞ்சம் எலக்ட்ரான் கொடுக்கிறது, உலோகம் வேறு வழியில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. பிடி இறுகவும் கூடாது, நழுவவும் கூடாது. டங்ஸ்டன் மாதிரி இறுக்கிப் பிடித்தால் மூலக்கூறு விட்டுப் போகாது, வெள்ளி மாதிரி தளர்ந்தால் ஒட்டவே ஒட்டாது. பிளாட்டினம் குடும்பம் நடுவில் நிற்கிறது. ஒட்டியிருக்கும் நேரத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி விலகிவிடுகிறது. எரியாத பெட்ரோல் ஆவி தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாகிறது. ரோடியத்தின் தனி வேலை நைட்ரஜன் ஆக்சைடை இரண்டாக உடைப்பது, உடைந்த நைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து சாதாரண நைட்ரஜனாகப் போய்விடும். ஆஸ்துமா பிள்ளைகளின் நெஞ்சை அடைக்கிற வாயுக்களில் முக்கியமானது இந்த நைட்ரஜன் ஆக்சைடுகளில்தான் இருக்கிறது. அதனால் எனக்கு ரோடியத்தின் மேல் தனிப் பாசம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கார்பன் மோனாக்சைடு மனிதனைக் கொல்வதும் இதே கொடுக்கல் வாங்கலால்தான். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பும் இடைநிலை உலோகம். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பல்லேடியத்தில் ஒட்ட வேண்டியது ரத்தத்தில் போய் ஒட்டக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை பாடு. மூடிய கராஜில் வண்டியை ஓடவிடாதீர்கள், நல்ல கன்வர்ட்டர் இருந்தாலும்கூட. சுமார் 250, 300 டிகிரி சூடேறும்வரை அது வேலையே செய்யாது.

இனி சீரியம். லாந்தனைடு வரிசையின் உள் இடைநிலைத் தனிமம், எஃப் எலக்ட்ரான் ஆள். அந்த வரிசையில் பெரும்பாலானவை மூன்று எலக்ட்ரானை விட்டுவிட்டு, +3 நிலையிலேயே பிடிவாதமாக நிற்கும். சீரியம் மட்டும் நான்காவதையும் எளிதாக விட்டுவிடும், ஏனென்றால் விட்டதும் அதற்கு செனானின் அமைதியான எலக்ட்ரான் அமைப்பு கிடைக்கிறது. இப்படி +3, +4 என்று போய்வருவதால் அது ஒரு குதிர் மாதிரி வேலை செய்கிறது. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருக்கும்போது வாங்கி நிரப்பிக்கொள்ளும், குறையும்போது எடுத்துக் கொடுக்கும். எஞ்சின் நொடிக்கு நொடி மாறினாலும் பின்னால் இருக்கும் சென்சாரின் கோடு அசையாமல் நிற்பது இந்தக் குதிரால்தான். என் வண்டியில் குதிர் இடிந்துவிட்டது, கோடு துள்ளியது. சீரியத்தோடு சிர்கோனியம் ஆக்சைடும் கலந்திருப்பார்கள், ஆக்சிஜன் உள்ளே வெளியே போவது எளிதாகும், சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

அந்தத் தகரக் கூரையின் கீழ் நின்று இதையெல்லாம் யோசித்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நான் பிறந்தது குமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். எங்கள் கடற்கரை மணல் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான், அப்புறம் மோனசைட். மோனசைட்டில் சீரியமும் தோரியமும் இருக்கின்றன. 1909 வாக்கில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டு போன மணலில்தான் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அப்போது உலகம் அதைத் தேடியது கேஸ் விளக்கின் மேன்டிலுக்காக. கோவில் கொடையில் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த வெள்ளை மேன்டில் ஏறக்குறைய 99 பங்கு தோரியம் ஆக்சைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு இல்லையென்றால் வெளிச்சம் மங்கிவிடும். இந்த நாட்டிலும் மேற்கு கேப்பில் ஸ்டீன்கம்ப்ஸ்க்ரால் என்ற இடத்தில் மோனசைட் சுரங்கம் உண்டு, 1950களில் தோரியத்துக்காக வெட்டினார்கள். லாந்தனைடுகளுக்கு அரிய மண் என்று பெயர் வைத்துவிட்டார்களே தவிர, சீரியம் பூமியின் மேலோட்டில் செம்பு அளவுக்கு இருக்கிறது. அரிது ரோடியம்தான்.

அந்த ரோடியம்தான் திருட்டுக்கும் காரணம். 2021 மார்ச்சில் ஒரு அவுன்ஸ் 29,000 டாலர் பக்கம் போனது, அப்போது தங்கம் 2,000 டாலர்கூட இல்லை. நிறுத்தியிருக்கும் வண்டியின் அடியில் படுத்து அறுத்துக்கொண்டு போகிறார்கள். பழைய கன்வர்ட்டருக்கு 2,000 ராண்ட் தருகிறோம் என்று யாராவது தாராளமாகச் சொன்னால், அது தயவு இல்லை. உலகத்து ரோடியத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் இந்த நாட்டின் புஷ்வெல்ட் பாறையிலிருந்து வருகிறது. 1924-இல் ஹான்ஸ் மெரென்ஸ்கி பிளாட்டினப் பாறைத் தொடரைக் கண்டறிந்த நாளிலிருந்து ரஸ்டன்பர்க் பக்கம் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் பூமிக்கு அடியில் இறங்கி அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு போர்ட் எலிசபெத் என்ற கெபேர்ஹாவில் கன்வர்ட்டர் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன, ஏற்றுமதியும் செய்தார்கள். இந்த நாட்டில் 2006 ஜனவரியில் ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினார்கள். ஈயம் இந்த உலோகங்களின் மேல் படிந்து அவற்றை முடக்கிவிடும், அது போனதால்தான் கன்வர்ட்டர் இங்கே நிலைத்தது. இவ்வளவு பேர் பாடுபட்டு வந்து சேர்ந்த பொருளை அறுத்து எறிந்துவிட்டு இரும்புக் குழாய் போட்டுக்கொள்வது எனக்குத் தாங்கவில்லை. கடைக்காரருக்கும் அப்படித்தான். பைப் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், நான் இருந்த அன்றே ஒரு பையன் அப்படிப் போனான். ஒரு வேலைக் காசு போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இனி விலை. கம்பெனி ஒரிஜினல் கன்வர்ட்டர் 20,000 ராண்டுக்கு மேல், எங்களால் முடியாது. இவர் போட்டது உள்ளூர்த் தயாரிப்பு மாற்றுப் பாகம், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 5,400. காயில் 650. ஒரு வருட உத்தரவாதம், எழுதிக் கொடுத்தார். உறை ஸ்டெயின்லெஸ், வெல்டிங் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. பழைய கன்வர்ட்டரின் மிச்சத்துக்கு இன்றைய விலை என்னவோ அதைத் திரையில் காட்டிவிட்டு, பில்லில் கழித்துக்கொண்டார். அதைக் கழித்த பிறகுதான் 5,400.

குறைகளும் இருக்கின்றன. ஒன்பது மணி என்று நேரம் கொடுத்தார், பதினொன்றரைக்குத்தான் கை வைத்தார். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஏற்கெனவே ஒரு தாத்தா இருந்தார். பெண்களுக்குக் கழிப்பறை வசதி சரியில்லை, இது அவரிடமே சொன்னேன். மூலைக் கடையில் ஒரு குவார்ட்டர் பீன்ஸ் பன்னி சவ் (கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவது) வாங்கிச் சாப்பிட்டுப் பொழுதைக் கழித்தேன். கார்டு எடுக்கமாட்டார், ரொக்கம் அல்லது வங்கிப் பரிமாற்றம். எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, புதுப் பாகத்தில் பல்லேடியம் எவ்வளவு, ரோடியம் எவ்வளவு, சீரியப் பூச்சு எவ்வளவு என்று கேட்டதற்கு அவராலும் சொல்ல முடியவில்லை. பெட்டியில் அச்சிடவே இல்லை. விலை குறைந்த மாற்றுப் பாகங்களில் உலோகம் குறைவாகத் தூவியிருப்பார்கள், அதனால் ஒரிஜினல் அளவுக்கு வருடக்கணக்கில் உழைக்காது, இதை அவரே ஒளிக்காமல் சொன்னார். அரிசி மூட்டையில் எடை போடுகிறோம், மருந்து மாத்திரையில் மில்லிகிராம் போடுகிறோம், இதிலும் போட வேண்டும். வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்க ஆரம்பித்தால் போடுவார்கள்.

இரண்டாம் நாளே முன் இணைப்பில் லேசாக டிக் டிக் என்று காற்றுக் கசிவு. திரும்பப் போனேன். கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, என் ஆளின் தவறு என்று சொல்லி, காசு வாங்காமல் அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். முன் சென்சாருக்கு அருகே கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று தவறாகச் சொல்லி, எஞ்சின் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டிவிடும், அதனால் சின்னக் கசிவு என்று விடாதீர்கள் என்றார்.

போகிறவர்களுக்கு: செவ்வாய், புதனில் காலை எட்டு மணிக்கு முன் போங்கள், சனிக்கிழமை வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓட்டிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சென்சார் அளவு சரியாக வராது. பிழைக் குறியீடு வந்தால், அதற்குக் காரணம் கண்டுபிடித்தீர்களா என்று கேளுங்கள்.

அறுத்த பீங்கானில் நல்ல பாதியை, தூள் உதிராமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி எனக்குக் கொடுத்தார், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்று. பன்னிரண்டாம் வகுப்பில் வினைவேகம் எடுக்கும்போது மேசையில் வைத்தேன். வினையூக்கி என்று எழுதி அடிக்கோடு போட்ட பிள்ளைகள் துளைகளின் வழியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், அப்புறம் உலோகம் எங்கே மிஸ் என்று கேட்டார்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லியிருந்தார், போன வாரம் போனேன். மறுபடி ஸ்கேனர், மறுபடி இரண்டு கோடுகள். முன் கோடு வழக்கம்போல் ஏறி இறங்கிற்று. பின் கோடு 0.7 பக்கம் அப்படியே நின்றது. இதற்குக் காசு வாங்கவில்லை. மகளும் கூட வந்திருந்தாள், எது நல்ல கோடு என்று கேட்டாள். அவர் நேராக நின்ற கோட்டைத் தொட்டுக் காட்டினார்.